அடியில்லாக் கொடுமை

அடித்தால்தான் கொடுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மனைவியின் கூலியைப் பறித்துக்கொள்ளுதல், தாய்வீடு செல்லத் தடுத்தல், அண்டை அயலாருடன் பேசவிடாமை ஆகியவை முன்னறிகுறிகளாகும். அவளை வருத்துவதற்கென்றே குழந்தையைத் துன்புறுத்துவதும், பிரித்துவிடுவதாக அச்சுறுத்துவதும் இன்னும் கொடியவை. அவள் பிரிந்து செல்ல முற்படும் வேளையில் அபாயம் மிகும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனத்துன்பத்தையும் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும் மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாம். நல்லெண்ணத்துடன் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தருவோர்மீது வழக்குத் தொடர இயலாது.

கணவன் முன்னிலையில் விசாரித்தால் உண்மை வெளிவராது. ஆதலின், பஞ்சாயத்தின் பெண் அங்கத்தினர் ஒருவர் அவளைத் தனியே கண்டு கேட்டறிதல் நலம். 'குடும்ப விவகாரம்' என்று ஒதுங்காமல், அவள் விருப்பமறிந்து 181 எண்ணுக்கும், குழந்தைக்கு ஆபத்தெனில் உடனே 1098 எண்ணுக்கும் தெரிவிப்பது நமது கடமையாகும்.