காளையைப் பழக்க விட்டவர் கண்காணிப்பதும் அவசியம்

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வட்டாரங்களில் டிராக்டர் பெருகியபின் ஏர் மாடுகள் குறைந்துவிட்டன. இருந்தும் எரு வண்டிக்கும் சிறு தோட்ட உழவுக்கும் ஒரு ஜோடி வைத்திருக்கும் விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டு வண்டிப் பந்தயத்துக்கென்றே கன்று வளர்ப்போரும் உண்டு. கன்றைத் தாமே பழக்க நேரமில்லாதவர்கள், கூலி பேசி மாடு பழக்குபவரிடம் ஒன்றிரண்டு மாதம் விட்டுவைப்பது வழக்கம்.

அப்படிப் போய்த் திரும்பும் காளை சில சமயம் ஆள் நெருங்கினாலே மிரளுகிறது. வாலைத் தொட விடுவதில்லை. அடித்துப் பழக்கியிருப்பாரோ என்ற சந்தேகம் விவசாயிக்கு எழுகிறது. பழக்குபவர் தெரிந்தவராக, உறவுக்காரராகக்கூட இருப்பார். கேட்டால் மனத்தாங்கல் வரும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இது தவறாகும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன் 11-வது பிரிவின்படி அடித்தவர் மட்டும் குற்றவாளி அல்ல. வதையைத் தடுக்கத் தக்க கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறிய உரிமையாளரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். "மாடு என்னிடம் இல்லை, அவரிடம்தான் இருந்தது" என்று சொல்லித் தப்ப இயலாது.

உடலில் பார்க்க வேண்டியவை

முதலில் வாலைப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து நுனிவரை இரு விரல்களால் மெதுவாகத் தடவிவர, எலும்புக் கணுக்கள் மணி கோத்தாற்போல் வரிசையாக இருக்கும். இடையில் வீக்கமோ கோணலோ இருந்து, தொட்டதும் காளை துள்ளினால், வால் முறுக்கப்பட்டோ கடிக்கப்பட்டோ இருக்கலாம். அடுத்துப் பின்தொடையும் புட்டமும். ஆணி வைத்த தார்க்குச்சி குத்திய இடத்தில் சிறு சிறு பொருக்குகள் இருக்கும். ரோமம் மறைத்திருப்பதால் கையால் எதிர்த் திசையில் தடவினால்தான் தெரியவரும். இழுவை, பொதி பிராணிகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் முள் வைத்த குச்சியை அடியோடு தடை செய்கின்றன. பகல் 12 மணி முதல் 3 மணி வரை, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் வண்டி பூட்டுவதையும் அவை தடுக்கின்றன. நம் சமவெளியில் சித்திரை, வைகாசியில் அநேகமாகத் தினமும் அந்த வெப்பம்தான்.

மூக்கணாங்கயிறு துளை கிழிந்திருக்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, சூடு போட்ட தழும்பு புதிதாக உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். நிழலில் கட்டி இளைப்பாறிய காளை நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். விலா ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். வேலை விட்டு அரை மணி நேரம் கழித்தும் மூச்சு தணியாவிட்டால் அளவுக்கு மீறி ஓட்டப்பட்டிருக்கலாம், அல்லது காய்ச்சலாகவும் இருக்கலாம்.

குதிரைக்கு அடையாளங்கள் சற்று வேறு. கடிவாளம் இழுத்து வாயின் இரு ஓரமும் வெடித்திருப்பது, சேணத்தின் கீழ் முதுகுப் புண், விலாவில் சாட்டைத் தடம் ஆகியவை முக்கியமானவை. அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கிப் பந்தய வண்டிக்கோ கொடைக்கானல் சவாரிக்கோ பழக்க விடுவோர் முதலில் வாயைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

எல்லாப் புண்ணும் அடிப்புண் அல்ல

புதிதாக நுகத்தடி பட்ட கழுத்தில் முதல் சில நாட்களில் வீக்கம் காண்பதுண்டு. வேலை கொடுக்காமல் ஓய்வு விட்டால் அது வடியும். உண்ணிக் கடியால் பொருக்குத் தட்டும். தோல் கழலை நோயில் உடலெங்கும் கட்டிகள் தோன்றும். குடற்புழுவால் மாடு மெலியும். அவசரப்பட்டு ஒருவர் மேல் பழி போட்டால் அவர் தொழிலே கெட்டுவிடும். எனவே கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்வதற்கு முன் ஊரில் பேச்சுக் கிளப்பக் கூடாது.

செய்ய வேண்டியது

சந்தேகம் வந்தால் சொல்லிக்கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு முறையும், ஓட்டிப் பழக்கும் நேரத்தில் ஒரு முறையும் போவது நலம். பழக்குபவர் நுகத்தடியை எடுத்து வரும்போது காளை என்ன செய்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். உரிமையாளர் வருவதையே விரும்பாதவரிடம் மாட்டை விட்டு வைக்கக் கூடாது.

காயம் இருந்தால் அங்கேயே சண்டை போடாமல் காளையை ஓட்டிவந்துவிட வேண்டும். பேசிய கூலியில் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுவதே நல்லது. பணத் தகராறு கலந்தால் வதைப் புகார் வலுவிழந்துபோகும். காயங்களைத் தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து, மருந்து போடும் முன்பே அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி, எழுத்து மூலம் சான்று பெற வேண்டும். காளை நடக்க இயலாத நிலையில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குச் சொன்னால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

பிறகு காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெறலாம். மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறகு தொடர முடியாது. பொங்கலுக்கு நடந்ததைச் சித்திரைத் திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். அடித்தது, அளவுக்கு மீறி ஓட்டியது போன்ற குற்றங்களைப் போலீசார் மாஜிஸ்திரேட் அனுமதியின்றிப் புலன் விசாரிக்க இயலாது என்பதால் தாமதம் நேரலாம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். முகூர்த்த நாளில் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கால் கிலோ மல்லிகைக்குக் காணாத தொகை இது! ஆனால் காளையை முடமாக்கியிருந்தாலோ கொன்றிருந்தாலோ, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வதைபடுவது பிறர் காளையாக இருந்தால் முதலில் அதன் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அத்துமீறி நுழைந்து அவிழ்த்துவரக் கூடாது.

பந்தயக் காளை வைத்திருப்போர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, வால் முறுக்கல், வால் கடித்தல், கண்ணில் மிளகாய்ப்பொடி தூவல் ஆகியவைதான் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டன. 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை 2023 மே 18-ல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கிடைத்ததே தவிர, வால் முறுக்க யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

அடுத்த கன்றை விடும் முன் சில நிபந்தனைகளைப் பேசிக்கொள்வது நல்லது. இரண்டு பல் போடாத கன்றை நுகத்தில் பூட்டக் கூடாது. முதல் வாரம் வெறும் நுகத்தடி மட்டும், பழகிய கிழட்டு மாட்டோடு ஜோடியாக, காலையில் அரை மணி நேரம் நடத்தினால் போதும். சொன்னபடி நின்றதும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வினால்தான் காளை கற்றுக்கொள்கிறது. சாராயம், ஊசி எதுவும் கூடாது. உரிமையாளர் எந்நேரமும் வந்து பார்ப்பார். இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, விடும் அன்றே காளையை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.