கதை திரைக்கு வரும்போது

முன்னுரை

சென்ற ஆண்டு நம் துறை விழாவில் ஒரு நாடகம் நடித்தோம். அதில் வரும் பார்வையற்ற பாட்டுக்காரர் வேடத்தை நல்ல கண்பார்வையுள்ள மாணவர் ஒருவர் ஏற்றார். விழிகளை மேலே செருகிக்கொண்டு, கைத்தடியால் மேடையைத் தட்டித் தட்டி நடந்தார். அரங்கம் கைதட்டி மகிழ்ந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பார்வையற்ற வகுப்புத் தோழரிடம், நாடகம் எப்படி என்று கேட்டேன். "பாட்டு கொள்ளாம். ஆனா கம்ப அப்பிடித் தட்டினா வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர முடியாது மக்கா. என்ட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாம்லா?" என்று சிரித்தார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வாண்டு ஒரு சிறுகதையைக் குறும்படமாக்க நண்பர்கள் முயன்று வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படுமாறு சில கருத்துகளை இங்கே ஆராய்வோம்.

எழுத்தும் காட்சியும்

"அவருக்கு ஒரு கை இல்லை" என்று சிறுகதையில் ஒரு வரி வருகிறது. படிப்பவர் அதைக் கடந்து, அம்மனிதரின் ஆசை, கோபம், நினைவு ஆகியவற்றுக்குள் நுழைந்துவிடுகிறார். திரையிலோ, காட்சிதோறும் உடல்தான் முதலில் கண்ணில் படுகிறது. எழுத்தாளன் உள்ளிருந்து தொடங்குகிறான்; காமிரா வெளியிலிருந்து தொடங்குகிறது. ஆகவே, அந்த வேடத்தில் நடிப்பவர் யார், காமிரா அவரை எப்படிப் பார்க்கிறது என்பவை கதையின் பொருளையே மாற்றவல்லவை.

நம் மண்ணின் சான்று

குமரி மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெயமோகன் 2003இல் 'ஏழாம் உலகம்' என்னும் நாவலை வெளியிட்டார். உடற்குறையுள்ளோரை வைத்துப் பிச்சைத் தொழில் நடத்தும் பண்டாரத்தின் கதை அது. அவர்களை அவர் 'உருப்படி' என்றே குறிப்பிடுகிறார். தம் பெண்மக்களிடம் உருகும் அதே தந்தை, முத்தம்மை என்னும் தாயின் குழந்தைகளை விலைபேசுகிறார். ஆயினும் அந்த 'உருப்படிகள்' நம் வட்டார மொழியில் பேசிச் சிரிக்கின்றனர், கேலி செய்கின்றனர், அன்பு கொள்கின்றனர். படித்து முடிக்கையில், குறையுள்ளவர் யார் என்ற வினா நம்மை நோக்கித் திரும்புகிறது.

இந்நாவலின் ஒரு பகுதியைத் தழுவி, ஜெயமோகனே உரையாடல் எழுத, பாலா இயக்கிய 'நான் கடவுள்' 2009இல் வெளிவந்தது. உண்மையாகவே உடற்குறையுள்ள பலர் அதில் நடித்தனர். தமிழ்த்திரையில் அது துணிச்சலான செயல் என்பதில் ஐயமில்லை. இயக்கத்திற்கும் ஒப்பனைக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

நிற்க. மூன்று மாற்றங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, நாவலில் நடுவில் இருந்தவர்கள் படத்தில் ஓரத்திற்கு நகர்ந்தனர். நடுவிடம் காசியிலிருந்து வரும் அகோரிக்குச் சென்றது. இரண்டாவது, பார்வையற்ற பாடகி அம்சவல்லி என்னும் முதன்மை வேடம் பார்வையுள்ள நடிகை பூஜாவுக்கு அளிக்கப்பட்டது. அவர் நடிப்பு பாராட்டத்தக்கதே. ஆயினும் கூட்டத்தில் இடம்பெற்றோருக்குத் தலைமை வேடத்தில் இடமில்லை. மூன்றாவது, துன்பம் தாளாத அப்பெண்ணுக்கு இறுதியில் நாயகன் அளிக்கும் விடுதலை மரணமே. நாவலில் அம்மக்கள் வாழத்தான் விரும்பினார்கள்.

மேலைநாட்டுச் சான்றுகள்

டாட் ராபின்ஸ் எழுதிய 'ஸ்பர்ஸ்' என்னும் சிறுகதை 1923இல் வெளிவந்தது. அதைத் தழுவி டாட் பிரௌனிங் 1932இல் 'ஃப்ரீக்ஸ்' என்ற படத்தை எடுத்தார். கைகால் இல்லாதவர், குள்ள உருவினர் எனச் சர்க்கஸ் கலைஞர்கள் பலர் அதில் நடித்தனர். அவர்களுடைய தோழமையை அழகாகக் காட்டிய அப்படம், முடிவில் அதே உடல்களைக் காட்டி நம்மை அச்சுறுத்துகிறது. பிரிட்டனில் அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது.

இதற்கு மாறானது 1946இல் வெளிவந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. இதன் மூலக்கதையில் ஹோமர் என்னும் வீரன் மூளைக் காயத்தால் உடல் நடுங்குபவன். போர்க்காலத்தில் இரு கைகளையும் இழந்த ஹெரால்டு ரஸ்ஸலைக் கண்ட இயக்குநர் வில்லியம் வைலர், அவருக்கேற்பப் பாத்திரத்தையே மாற்றியமைத்தார். கொக்கிக் கைகளால் தீக்குச்சி கொளுத்துவதும் பியானோ வாசிப்பதும் அங்கே வேடிக்கையல்ல, அன்றாட வாழ்க்கை. அந்த ஒரே வேடத்திற்காக ரஸ்ஸல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். நடிகரைக் கதைக்குள் திணிக்காமல், அவருக்காகக் கதை இடம்விட்டது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

நாம் செய்யத்தக்கவை

1. பாத்திரத்திற்கென ஒரு விருப்பம் உள்ள கதையைத் தேர்ந்தெடுத்தல். பிறர் இரக்கத்தைத் தூண்டுவதற்கு மட்டும் வரும் பாத்திரம் வேண்டாம்.

2. எழுதிய காட்சிகளை நடிப்பவரிடம் முதலிலேயே படித்துக்காட்டி, பொய்யான இடங்களை அவர் சொல்லத் திருத்துதல். காது கேளாதவராயின், சைகைமொழி அறிந்தவர் உடனிருத்தல்.

3. படப்பிடிப்பு இடத்தை முன்பே சென்று பார்த்தல். சக்கர நாற்காலி ஏறாத மாடியில் காட்சி வைத்துவிட்டு, அன்று காலையில் நடிகரைத் தூக்கிச் செல்வது மரியாதையன்று.

4. காமிராவை அவர் கண்மட்டத்தில் வைத்தல். குறையை நெருக்கத்தில் காட்டுமுன், கதைக்கு அது தேவைதானா என்று கேட்டுக்கொள்ளுதல்.

5. மற்றவர்க்கு ஊதியம் உண்டெனில் இவருக்கும் அதே ஊதியம் அளித்தல்.

முடிவுரை

திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது குறித்து 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களையும் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. சட்டம் சொல்லுமுன்பே என் வகுப்புத் தோழர் அதைச் சொல்லிவிட்டார். திரையில் முகம் காட்டுவது பாதி இடமே. கதையை முடிவுசெய்யும்போது உடனிருப்பதே முழு இடம். நண்பர்களே, குறும்படத்தின் முதல் வரியை எழுதுமுன் அவரிடம் ஒரு வாக்குக் கேட்போமாக!