கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு

சைக்கிள் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொங்கல் விளையாட்டு விழாவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் போட்டிதான். ஐரோப்பாவில் பல கட்டங்களாக நடைபெறும் பந்தயங்களோ வேறு வகையானவை. 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம் இன்று மூன்று வாரம், 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நான்கு முறை சென்று திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது! ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றி பெற்றவர் என்று அறிவிக்கிறார்கள்.

வெற்றி பெற்றவரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் கடைசியில் வருபவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவருக்குச் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் எரியும் விளக்கை வைத்து வந்த பெயர் அது. பெல்ஜியம் நாட்டு வீரர் விம் வான்செவெனன்ட் 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளும் கடைசியாகவே வந்தார். தம் அணித் தலைவருக்குத் தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்து கொடுப்பதும், முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பதும் அவர் போன்றோரின் வேலை.

கடைசியாக வருவதும் எளிதன்று. அன்றைய கட்டத்தில் முதலில் வந்தவரின் நேரத்துக்கு மேல் இத்தனை விழுக்காடு என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மறுநாள் பந்தயம் இல்லை. எல்லோருக்கும் பின்னால் 'துடைப்ப வண்டி' வேறு வந்துகொண்டே இருக்கும். அதில் ஏறுபவரின் எண்ணைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே மலை ஏற முடியாதவர்கள் ஒன்றுசேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் காற்றைத் தாங்கி, மணியைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். அங்கே தள்ளாடும் வீரரிடம் பேச எனக்கு வாய்த்தால், "அண்ணா, முன்னே போனவரை இன்று மறந்துவிடுங்கள். பக்கத்தில் வருபவரின் சக்கரத்தை விடாதீர்கள். அடுத்த வளைவு வரை மட்டும் மிதியுங்கள்" என்பேன்.

நேரம் கடந்தேவிட்டால்? இதற்கு 1924-ஆம் ஆண்டு இத்தாலியப் பந்தயத்தில் ஓட்டிய அல்போன்சினா ஸ்ட்ராடாவின் கதையைச் சொல்ல வேண்டும். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று ஊரார் ஏளனம் செய்தனர். (அதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. நம் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோதும் கேலி இருந்தது. பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், நடுவே கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்.)

அந்தப் பந்தயம் 12 கட்டங்கள், 3,613 கிலோமீட்டர். புறப்பட்ட 90 பேரில் அவர் ஒருவரே பெண். லாக்குயிலாவிலிருந்து பெருஜியா செல்லும் கட்டத்தில், மழையிலும் காற்றிலும் விழுந்து, அவருடைய சைக்கிளின் கைப்பிடி முறிந்தது. துடைப்பக் கழியை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார் என்பார்கள். போய்ச் சேர்ந்தபோது நேர எல்லை கடந்துவிட்டது. விதிப்படி நீக்கப்பட்டார். ஆயினும் வரிசைப் பட்டியலில் இடமின்றித் தொடர்ந்து ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. பரிசும் இல்லை, இடமும் இல்லை. மறுபடியும் ஏறி மிதித்தார்.

மிலான் நகரில் பந்தயம் முடிந்தபோது பட்டியலில் 30 ஆண்களின் பெயர்களே இருந்தன. ஏறத்தாழ 60 பேர் வழியிலேயே நின்றுவிட்டனர். பட்டியலில் இல்லாத அல்போன்சினாவும் மிலானுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரோ வேறு பந்தயங்களில் ஓட்டினார்; பின்னாளில் அதே மிலானில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.