பிணம் பரப்பாத நோய்

மலைநாட்டில் எங்கே மண் சரிந்து ஆள் புதைந்தாலும் இரண்டாம் நாளே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது: "பொணத்த சீக்கிரம் எடுக்கலன்னா ஊரெல்லாம் நோய் பரவிரும்." 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாத்தளை மாவட்டமும் அதில் தப்பவில்லை. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புர பக்கம் இறங்கும் பாதையில் பஸ்ஸில் போனாலும் தேத்தண்ணிக் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. படித்தவர்களும் சொல்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் குரலில் துளிச் சந்தேகமும் இருப்பதில்லை.

இது பொய். பலமுறை சோதித்து, பலமுறை பொய்யென்று காட்டப்பட்ட பொய்.

மண்ணுக்குள் புதைந்தோ வெள்ளத்தில் அள்ளுண்டோ போனவர் தொற்றுநோயால் சாகவில்லை. சற்று முன்புவரை அடுப்பு மூட்டிக்கொண்டோ பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டோ இருந்தவர் அவர். உயிரோடிருந்தபோது உடம்பில் இல்லாத கொலரா, செத்த பிறகு எங்கிருந்தோ வந்து குடியேறாது. ஏற்கெனவே இருந்த கிருமிகளிலும் பெரும்பாலானவை இறந்த உடலில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. உடலை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நாற்றத்தைக் கிளப்பும். ஊரில் தொற்றுநோயைக் கிளப்பாது. கொலராவிலோ எபோலாவிலோ இறந்தவரின் உடல் ஆபத்தானதுதான். ஆனால் லயத்தின் மேல் மலை சரிந்து இறந்தவர்கள் அந்த வகையில் சேரமாட்டார்கள். உடலைத் தூக்குகிறவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் வேண்டும், வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். குடிக்கும் ஓடையில் உடல் கிடந்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட களக் கையேடு இதையே சொல்கிறது.

சான்று வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறையிலும் முல்லைத்தீவிலும் காலியிலும் கரையெல்லாம் உடல்கள். பிணங்களால் கொலரா வரப்போகிறது என்று அன்றும் அலறினார்கள். பெருந்தொற்று எதுவும் வரவில்லை. தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டு வைத்திருந்த நாடு இது. முகாம்களில் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் உடனுக்குடன் கண்காணிக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

ஹெயிட்டியின் கதை இன்னும் கூர்மையானது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் பெருந்தொகையான மக்கள் மாண்டார்கள், உடல்கள் வாரக்கணக்கில் இடிபாடுகளுக்குள் கிடந்தன. கொலரா வந்தது ஒன்பது மாதம் கழித்து, ஒக்டோபரில். ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததிலிருந்து அது பரவியது. கொண்டுவந்தவர்கள் உயிரோடிருந்த மனிதர்கள், கொண்டுசென்றது தண்ணீர்.

வெறும் பேச்சுத்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று விடமுடியாது. இந்தப் பயத்தில்தான் பெயர் தெரியாமல், படம் எடுக்காமல், அவசரக் குழியில் உடல்களைத் தள்ளுகிறார்கள். பிறகு மரணச் சான்றிதழுக்கும் நட்டஈட்டுக்கும் குடும்பம் அலைகிறது. கொவிட் காலத்தில் இதே பயம் சட்டமாகவே மாறியது. நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் உறவுகள் எரிக்கப்படுவதைப் பார்த்து நின்றன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஒரு சுகாதார வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் இந்த நாட்டில் இல்லை.

அப்படியானால் மழை விட்ட பிறகு ரிவர்ஸ்டன் பக்கத்தில் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்? மலையின் ஒரு பக்கம் ரத்தோட்டைத் தோட்டங்கள், லயங்கள், பீலித் தண்ணீர். மறுபக்கம் லக்கலை, படிப்படியாக இறங்கும் வயல்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எதிரி எலிக்காய்ச்சல். எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீர் சேற்றில் கலந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உள்ளே போகிறது. காய்ச்சல் தொடங்கப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதாவது தொலைக்காட்சிக் கமராக்கள் திரும்பிப் போன பிறகுதான் அது தலைகாட்டும். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோர் இதனால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. 2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் சில நாட்களுக்குள் குறைந்தது ஏழு பேர் காய்ச்சலில் இறந்தபோது ஊரே 'மர்மக் காய்ச்சல்' என்றது. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

அதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் நெடுங்காலமாக. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள். எலிக்காய்ச்சல் சந்தேகம் வந்தவுடன் வைத்தியசாலை மருத்துவர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அது நோயாளியின் ஊர்ப் பிரிவுக்கு வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வீடு தேடிப் போவார்: எந்த வயலில் இறங்கினார், எந்தப் பீலியில் குளித்தார், பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல்? வாரம் முடியும்போது அந்தப் பிரிவின் கணக்கெல்லாம் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேரும். ஒரே வயல்வெளியிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்தால் அங்கே அடுத்த வாரமே தடுப்பு மருந்து கொடுக்கலாம்.

குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு இன்னும் பெறுமதியானது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர் நியமிக்கப்படுகிறார். எந்த வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி, எந்தப் பிள்ளை நிறை குறைந்தது, எந்தக் குழந்தைக்கு ஊசி தவறியது என்பது அவருக்குத் தெரியும். பாதை அறுந்த இரவில் யாரை முதலில் தூக்கிவர வேண்டும் என்ற பட்டியலை அந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்க முடியும். மக்களின் உடல்நிலையை அறிவது ஒரு வேலை, அனர்த்தத்துக்குத் தயாராவது வேறு வேலை என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெயில் காலத்தில் எழுதி வைத்த கொப்பிதான் மழைக் காலத்தின் ஆயத்தம். பாடசாலையில் முகாம் திறந்தவுடன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் கேட்கும் கேள்விகளும் எளிமையானவை. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீட்டர் தண்ணீர் உண்டா? 20 பேருக்கு ஒரு மலசலகூடம் உண்டா? தண்ணீரில் குளோரின் போட்டு அரை மணி நேரம் விட்டார்களா? பிணத்தைப் பற்றிய கேள்வி இந்த வரிசையில் முன்னுக்கு வராது.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. இந்த நக்கிள்ஸ் மலைத் தண்ணீர் சுத்தமானது, அப்படியே குடிக்கலாம் என்பார்கள். ஓடைக்கு மேலே மாடும் மனிதரும் இருக்கும்வரை கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சல் வரும் என்பது தவறு. தடுப்பு மருந்தான டொக்சிசைக்கிளின் போட்டால் போதும், எந்தச் சேற்றிலும் இறங்கலாம் என்பது அரை உண்மை. 1984இல் வெளியான ஆய்வொன்றில், பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படைவீரர்களில், வாரம் 200 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஒருவருக்கும் எடுக்காதவர்களில் 20 பேருக்கும் காய்ச்சல் வந்தது. மருந்து நல்லது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல, காய்ச்சல் வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க அது சாட்டும் அல்ல. புகை அடித்தால் டெங்கு ஒழியும் என்பதும் பாதிதான். பறக்கும் நுளம்பு சாகும், ரயரில் தேங்கிய தண்ணீரிலுள்ள குடம்பிகள் அப்படியே இருக்கும்.

ஒரு புகார் மட்டும் பொய்யில்லை. "பி.எச்.ஐ. வந்தாரு, என்னமோ கேட்டாரு, எங்களுக்கு வெளங்கல" என்று தோட்டத்தில் சொல்வது உண்மை. 1987இல் தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்றானதிலிருந்து எத்தனையோ மழை பெய்துவிட்டது. இருந்தும் மலையகத் தோட்டங்களுக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களிலும் பரிசோதகர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் போதிய அளவில் இல்லை. இதை மொழி உரிமையென்று மட்டும் பேசிவிட்டு நிறுத்துகிறார்கள். நோய்க் கண்காணிப்பின் ஓட்டை இதுதான். எந்தப் பீலியில் குளித்தாய் என்ற கேள்வி புரியாத இடத்தில் பி.எச்.ஐ. எழுதும் பதில் ஊகமாகிவிடும். எட்டு மாதக் கர்ப்பிணியிடம் வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று சைகையில் கேட்க முடியாது. மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் லயத்துக் கதவைத் தட்டி, கிளம்புங்கள் என்று சொன்னால் நம்பிக் கிளம்ப வேண்டுமென்றால், சொல்கிறவர் அதற்கு முன் பலமுறை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவராக இருக்க வேண்டும். ரத்தோட்டை, உக்குவளை போன்ற பிரிவுகளின் தோட்டப் பிள்ளைகளில் உயர்தரம் படித்தவர்களைத் தெரிந்தெடுத்து, அதே பகுதிக்குத் திரும்பி வேலை செய்யும் நிபந்தனையோடு பயிற்சிக்கு அனுப்புவதை மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களம் அடுத்த ஆட்சேர்ப்பிலேயே தொடங்கலாம். அதுவரை பி.எச்.ஐ. தோட்ட வைத்திய உதவியாளரையும் பிள்ளை மடுவப் பொறுப்பாளரையும் எச் 544 வரும் நாளிலேயே கூட்டிக்கொண்டு போகட்டும்.