கட் பிலிம் தொட்டியும் காணாமற்போன மூடியும்



இயற்பியல் முதுகலை பயிலும் எனக்குப் பழைய புகைப்படத் தொட்டியோடு என்ன வேலை என்று விடுதித் தோழியர் பலமுறை கேட்டதுண்டு. அவர்களுக்கு விடையாகவும், பழைய கருவி எதையேனும் பழுது பார்க்க முனைவோர்க்குச் சிறு பாடமாகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வீடு அந்தமானில், சாத்தம் பாலத்துக்கு இப்புறம் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் 1883ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மர அறுவை ஆலை. 1942இல் சப்பானியர் வீசிய குண்டு தோண்டிய பள்ளம் அந்த ஆலையின் வளாகத்தில் இன்றும் உண்டு. பிழைப்புத் தேடி இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறிய என் தந்தையார் அந்த ஆலையில் மரம் அறுத்தே எங்களைப் படிக்க வைத்தார். அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவருடைய படம் என்று சொல்ல வீட்டில் அடையாள அட்டை ஒன்றுதான் மிச்சம்.

சென்ற கோடை விடுமுறையில், போர்ட் பிளேர் நகரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கடையை மூடிவிட்ட ஸ்டூடியோ ஐயா என்னை அழைத்து ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்.

“இதுல ஆறு கட் பிலிம் இருக்கு, தாயி. கடைய மூடுறதுக்கு முன்னாடி ஆலைக்குப் போய் எடுத்தது. உங்க அப்பாவும் ஒண்ணுல நிக்கிறாரு, எதுலன்னு நினைவில்லை. கழுவுறதுக்குள்ள என் கண்ணு போயிருச்சு. நீதான் கழுவணும்.”

கூடவே தம் பழைய எவர்சில்வர் தொட்டியையும் தந்தார். அதன் சிறு மூடியும், பிலிம்களை இறுக்கிப் பிடிக்கும் பட்டையும் எங்கோ தொலைந்து போயிருந்தன.

கட் பிலிம் என்பது சுருளாக வராமல் தனித்தனித் தாளாக வருவது. பெரிய காமிராக்களுக்கு உரியது. எனக்குக் கிடைத்தவை நான்கு அங்குல அகலமும் ஐந்து அங்குல உயரமும் உடையவை. இல்போர்ட், கோடாக் முதலிய நிறுவனங்கள் இன்றும் இதனைச் செய்கின்றன. ஆனால் அந்தக் காலத் தொட்டிகளின் உதிரிப் பாகங்களோ பழைய பொருள் விற்பவரிடம் தற்செயலாகக் கிடைத்தால்தான் உண்டு.

தீவில் வாழ்வோர்க்கு இது புதிய இன்னலன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எம். வி. போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அந்தமான் பழங்குடி மக்களைப் படமெடுத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அவருடைய கண்ணாடித் தகடுகளும் வேதிப்பொருள்களும் கடல் கடந்தே வந்தாக வேண்டும். அந்தப் படங்கள் கடல் கடந்து போயின. படத்தில் நின்ற மக்களின் குடிசைகளில் அவை தங்கவில்லை. என் பெட்டியிலிருந்த ஆறு பிலிம்களையும் நான் எண்ணிப் பார்த்தது இந்த இடத்தில்தான். உழைத்தவரின் படம் உழைத்தவரின் வீட்டுக்கு வரவேண்டும் அன்றோ?

சரி, தொட்டிக்கு வருவோம். பழைய தொட்டிகள் பெரும்பாலும் மூன்று வகைப் பொருள்களால் ஆனவை. ஒன்று, மிகுந்த கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பராகிய எபொனைட்டு. இது வெளிச்சத்தில் நெடுநாள் கிடந்தால் கருமை மங்கிப் பழுப்பாகும். மற்றொன்று பேக்கலைட்டு முதலிய பிளாஸ்டிக்கு. பேக்கலைட்டை 1907இல் கண்டறிந்த பேக்லண்டு என்பவரே அதற்கு முன் வெலாக்ஸ் என்னும் புகைப்படத் தாளையும் ஆக்கியவர் என்பது நம் துறையினர் அறியத்தக்க செய்தி. மூன்றாவது எவர்சில்வர். இரும்போடு ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த கலவை அது. எனக்குக் கிடைத்தது இந்த மூன்றாம் வகை; அமெரிக்காவில் செய்யப்பெற்ற நிக்கார் தொட்டி. பன்னிரண்டு பிலிம்களைக் கம்பிக்கூட்டில் வரிசையாகச் செருகி ஒரே முறையில் கழுவலாம்.

புதுத் தொட்டி வாங்கலாமே என்பீர்கள். அயல்நாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு என் உதவித்தொகைக்கு மிஞ்சியது. ஆகவே ஒரு மாதம் மூடியின் பெயரைச் சொல்லிக் கடை கடையாக விசாரித்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி சென்னையிலிருந்து வேறொரு நிக்கார் மூடியை வாங்கி அனுப்பினாள். அதுவும் பொருந்தவில்லை. ஒரே நிறுவனம் செய்த மூடிகள் கூடத் தத்தம் தொட்டிக்கே பொருந்துவன என்பதை அப்போதுதான் கற்றேன்.

அன்றிரவு தாளை எடுத்து, ‘இந்தப் பாகம் செய்த வேலை யாது?’ என்று எழுதிப் பார்த்தேன். அதுவே திருப்பமாயிற்று.

தொட்டியின் பெரிய மூடிக்குள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்த தகடுகள் உள்ளன. ஒளி நேர்கோட்டில் செல்வது. நீரோ வளைந்து நெளிந்தும் செல்வது. ஆகவே ஊற்றும் நீர் உள்ளே புகும். ஒளி தகடுகளில் மோதி மோதி வலுவிழக்கும். ஒளியைத் தடுப்பது அந்தத் தகடுகளே. தொலைந்துபோன சிறு மூடியின் வேலை, தொட்டியைக் கவிழ்த்துக் குலுக்கும்போது நீர் சிந்தாமல் காப்பது ஒன்றுதான். பட்டையின் வேலையும் எளியது: பிலிம்கள் கூட்டிலிருந்து நழுவி ஒன்றோடொன்று ஒட்டாமல் பிடித்திருக்க வேண்டும், வேதிநீரில் கரையவோ துருப்பிடிக்கவோ கூடாது.

வேலை தெரிந்ததும் தேடல் சுருங்கிவிட்டது. வெர்னியர் அளவியால் வாயின் விட்டத்தை அளந்துகொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக அளந்தேன். கடைக்காரர், “கல்யாணச் சீருக்கா, பாப்பா?” என்று கேட்டார். ஏழாவது கிண்ணம் பொருந்திற்று. மிஞ்சிய இடைவெளியைச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையம் அடைத்தது.

பட்டைக்கு மூன்று சோதனைகள் செய்தேன். மரக்கட்டுகளைப் பிணைக்கும் எஃகுப் பட்டையை முதலில் எடுத்தேன். காந்தம் அதை இறுகப் பற்றிக்கொண்டது, அதுவே எச்சரிக்கை. ஹைப்போவில் ஓரிரவு ஊறவைத்தேன். விடியலில் துரு மிதந்தது. அடுத்து, எங்கள் தீவின் பெருமையாகிய படாக்கு மரத்தில் மெல்லிய சட்டம் செதுக்கினேன். உருத்துலக்கும் நீர் காரத்தன்மை உடையதாகையால் மரத்தின் செந்நிறம் அதில் இறங்கிற்று. மூன்றாவதாக, சைக்கிள் டியூபை அரையங்குல அகலத்தில் வளையமாக நறுக்கிப் போட்டேன். நீரும் மாறவில்லை, ரப்பரும் ஊதவில்லை. பிலிமின் விளிம்பை மட்டுமே அது தொட்டது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். தொட்டியில் சிறு துண்டுப் புகைப்படத் தாளை இட்டு, அறைக்குள் விளக்கொளியில் வைத்துச் சோதித்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. அதை நம்பி, இருட்டில் இரண்டு பிலிம்களைச் செருகி, தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து கழுவினேன். இரண்டும் ஒரு பக்கம் முழுதும் கறுத்துப் போயின. பெரிய மூடியின் விளிம்பில் கைவிரல் நகத்தளவு நசுங்கல் ஒன்று இருந்திருக்கிறது. முற்றத்து வெயில் அதன் வழியே புகுந்துவிட்டது. அறை விளக்கு எங்கே, அந்தமான் வெயில் எங்கே! கறுத்த அந்தப் பகுதியில் யார் நின்றிருந்தார் என்பது இனி யாருக்கும் தெரியாது. அன்று நான் உணவு கொள்ளவில்லை.

மறுநாள் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு மின்நாடா மூன்று சுற்று ஒட்டினேன். புதுத் துண்டுத் தாளை உள்ளே வைத்து, தொட்டியை நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் திருப்பித் திருப்பி வைத்தேன். தாள் வெள்ளையாகவே மீண்டது. அதன் பின்னரே மற்ற நான்கையும் எடுத்தேன்.

வெப்பநிலையிலும் கருத்து வேண்டும். எங்கள் குழாய்நீர் 28 பாகைக்குக் குறைவதில்லை. உருத்துலக்கியின் அட்டவணைகளோ 20 பாகைக்கு எழுதப்பெற்றவை. ஒவ்வொரு பாகை உயரும்போதும் கழுவும் நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஐந்து நிமிடத்துக்கும் குறைந்தால் படம் திட்டுத்திட்டாகும். வெப்பம் மிகுந்தால் ஜெலட்டின் இளகும். எனவே பனிக்கட்டி இட்ட வாளியில் தொட்டியை அமர்த்தி 20 பாகைக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாவது பிலிமில் என் தந்தையார் இருந்தார். பெரிய படாக்கு மரத்தின்மேல் ஒரு கையை ஊன்றி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். சட்டைப்பையில் அளவுநாடா.

அச்சிட்ட படத்தோடு ஸ்டூடியோ ஐயாவிடம் சென்றேன். அவருக்குத்தான் பார்வை இல்லையே; ஆகவே படத்தை வாயால் சொன்னேன். இரண்டு பிலிம்கள் என்னால் கெட்டன என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

“நிழல்ல விவரம் இருக்கா, தாயி?”

“இருக்கு, ஐயா. ஆணிக்கறை வரைக்கும் தெரியுது.”

“அப்போ சரியாத்தான் கழுவியிருக்கே.”

தோழர்களே! பழைய கருவியைக் கண்டால் மூன்றைச் செய்யுங்கள். தொலைந்த பாகத்தின் பெயரைத் தேடுமுன் அதன் வேலையைக் கண்டறியுங்கள். மாற்றுப்பொருள் கிடைத்தால், அது எந்த நீரில் நிற்கப் போகிறதோ அந்த நீரிலேயே ஓரிரவு வைத்துப் பாருங்கள். இறுதியாக, வேலை நடக்கப்போகும் இடத்தின் கடுமைக்குக் குறையாமல் சோதியுங்கள். எளிய சோதனையில் தேறியதை நம்பி மீட்கமுடியாத ஒன்றை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். இந்த மூன்றாவதை நான் இரண்டு பிலிம்களை விலையாகக் கொடுத்துக் கற்றேன். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்த விலையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.