திரையில் இருப்பது நகல்தான்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் செயல்திட்டத்துக்காகப் பைத்தானில் ஒரு வினாடி வினா நிரல் எழுதிக்கொண்டிருந்தனர். கோப்பு, ஆய்வகக் கணினிகள் எல்லாவற்றிலிருந்தும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறையில் இருந்தது. ஒருத்தி வினாக்களைச் சேர்த்தாள். மற்றவள் வேறொரு கணினியில் அதே கோப்பைத் திறந்து மதிப்பெண் கூட்டும் பகுதியை எழுதிச் சேமித்தாள். மறுநாள் நான் பார்த்தபோது வினாக்கள் இருந்தன. மதிப்பெண் பகுதி இல்லை. "நீ ஒன்றுமே செய்யவில்லையே" என்று இரண்டாமவளை வகுப்பிலேயே கடிந்துகொண்டேன். "சேமிச்சேன் சார்" என்றாள். நான் நம்பவில்லை.

மதிய இடைவேளையில் முதல் மாணவி வந்தாள். "நேத்து ஒரு பெட்டி வந்துச்சு சார். இங்கிலீஷ்ல ஏதோ கேட்டுச்சு. 'நோ' கொடுத்துட்டு சேவ் பண்ணிட்டேன்" என்றாள். தோழியின் உழைப்பு எங்கே போனது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த பாடவேளையில் முதலில் அந்த மாணவியிடம் வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தேன். பிறகு கீழ்க்கண்ட செயல்பாட்டைச் செய்தோம்.

செயல்பாடு

கரும்பலகையில் ஐந்து வரிகள் எழுதி, அவற்றைக் குறிப்பேட்டில் பார்த்தெழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதி முடித்ததும், குறிப்பேட்டில் உள்ள முதல் வரியை மட்டும் திருத்தச் சொன்னேன். அவர்கள் குனிந்து திருத்தும்போது பலகையின் மூன்றாம் வரியை மாற்றிவிட்டேன். பின்பு ஒரு மாணவனை அழைத்து, பலகையை முழுவதும் அழித்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் உள்ளதை அப்படியே எழுதச் சொன்னேன். நான் மாற்றிய மூன்றாம் வரி மறைந்துபோனது. "யார் அழித்தது?" என்று கேட்டேன். யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

கருத்து விளக்கம்

பலகை என்பது வட்டில் உள்ள கோப்பு. குறிப்பேடு என்பது எடிட்டர் நினைவகத்தில் வைத்திருக்கும் நகல். நாம் திரையில் திருத்துவது நகலைத்தான். சேமிக்கும்போது அந்த நகல் முழுவதும் வட்டில் உள்ள கோப்பின் மேல் எழுதப்படுகிறது. இடையில் வேறொருவர் அந்தக் கோப்பை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் போய்விடும்.

நல்ல எடிட்டர்கள் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கவனித்து வருகின்றன. அது மாறியிருந்தால் நோட்பேட் பிளஸ் பிளஸ் ஒரு பெட்டியில் கேட்கும்: 'இந்தக் கோப்பை வேறொரு நிரல் மாற்றியுள்ளது. மீண்டும் ஏற்றவா?' நாம் சேமிக்காத திருத்தம் இருந்தால், ஏற்றும்போது அது அழியும் என்றும் சொல்லும். விஷுவல் ஸ்டுடியோ கோட், நம் திருத்தம் இல்லையென்றால் புதியதைத் தானே ஏற்றிக்கொள்ளும். இருந்தால் சேமிக்க மறுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி தரும். விண்டோஸின் பழைய நோட்பேட் எதையும் கேட்காது, மேலே எழுதிவிடும்.

மாணவர் பின்பற்ற வேண்டியவை

1. பெட்டி வந்தால் எந்தப் பொத்தானையும் உடனே அழுத்தக் கூடாது. வாசகத்தை முழுவதும் படிக்க வேண்டும். புரியாவிட்டால் ஆசிரியரை அழைக்க வேண்டும்.

2. நான் எதுவும் திருத்தவில்லை என்றால் 'ஆம்' கொடுத்துப் புதியதை ஏற்றிக்கொள்ளலாம்.

3. நானும் திருத்தியிருந்தால் 'இல்லை' கொடுத்து, அதே பெயரில் சேமிக்காமல், 'சேவ் ஆஸ்' மூலம் வேறு பெயரில் சேமிக்க வேண்டும். பிறகு பழைய பெயரில் உள்ள கோப்பைத் திறந்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒன்றுசேர்க்க வேண்டும்.

4. கோப்பு வட்டில் இல்லை என்று பெட்டி சொன்னால், திரையில் உள்ள நகலை மூடிவிடக் கூடாது. அதுவே மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம்.

5. குழுவாக வேலை செய்யும்போது ஆளுக்கொரு கோப்பு. வினாக்கள் ஒரு கோப்பிலும் மதிப்பெண் செயற்கூறு இன்னொரு கோப்பிலும் இருந்தால், இம்போர்ட் கட்டளையால் இணைத்துக்கொள்ளலாம். மாடுலர் நிரலாக்கம் எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே கண்முன் நிற்கும் விடை.

மென்பொருள் நிறுவனங்களில் பலர் ஒரே நிரலில் வேலை செய்வதால், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். இருவர் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் கிட் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. அந்த இடத்தைக் குறித்துக்காட்டி, முடிவை மனிதரிடம் விடும்.

மதிப்பீடு

இருவர் இருவராக ஒரே கோப்பை இரு கணினிகளில் திறக்கச் செய்து, பெட்டியை வேண்டுமென்றே வரவழைக்கலாம். அதன் ஆங்கில வாசகத்தைத் தமிழில் எழுதி, எந்தப் பொத்தானை அழுத்தினால் யாருடைய வேலை போகும் என்று சொல்லச் சொல்லலாம். பொத்தானை அழுத்துவதற்கு முன் இதைச் சொல்லிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பிற பாட ஆசிரியர்களுக்கும் இது உதவும். மதிப்பெண் பட்டியலை லிப்ரே ஆபீஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் திறந்தால், படிக்க மட்டும் திறக்கவா, நகலாகத் திறக்கவா என்று கேட்கும். நகலைத் தேர்ந்தால், பிறகு அதை மூலத்துடன் சேர்க்கும் வேலை நம்முடையது.

அந்த மாணவி மதிப்பெண் பகுதியை மீண்டும் எழுத இரண்டு பாடவேளைகள் ஆயின. "சேமித்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும், அதை வேறு யார் திறந்திருந்தார்கள் என்பதையும் இப்போது முதலில் பார்க்கிறேன்.