வாணிகத்தைக் குறைத்த வணிகர்

வாணிகஞ் செய்வோர் தம் கடைக்கு வருவார் தொகை நாடோறும் பெருகவேண்டுமென்றே விரும்புவர். ஒரு பொருள் வாங்க எண்ணி வந்தவரைக்கொண்டு மூன்று பொருள் வாங்குவித்து அனுப்புதல் விற்பனைத் திறன் என்று பாராட்டப்படுகின்றது. விலையுயர்ந்தது வேண்டா, குறைந்த விலையிற் பயன்படுவதே போதும் என்று தம்மிடம் வாங்க வந்த ஏழைகளுக்கு அறிவுரை கூறிய கடைக்காரர் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவது அரிது. கூறியதோடு அமையாது, கடை செழித்து நடந்த காலத்திலேயே அதனைக் கைவிட்டவரும் அவரே. ஜான் வுல்மன் என்பது அவர் பெயர். எளிய வாழ்வின் பெருமையைப் பொதுப்படப் பேசுவதினும், அதனை வாழ்ந்து பார்த்த ஒருவர் வரலாற்றை ஆராய்தல் மாணவர்க்குப் பயன் தருமென்று கருதி இதனை எழுதலானேன்.

வுல்மன் 1720-ல் வட அமெரிக்காவில், அந்நாளில் ஆங்கிலேயர் குடியேற்ற நாடாயிருந்த நியூ ஜெர்சியில், ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையினர். ஆடம்பரமற்ற உடையும், நேரிய பேச்சும், போரை அறவே விலக்குதலும் அச்சபையார் கொள்கைகள். இருபத்தொன்றாம் வயதில் வுல்மன் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையிற் கணக்கெழுதவும் பொருள் விற்கவும் அமர்ந்தார். அங்கே ஒருநாள் முதலாளி தம்மிடமிருந்த நீக்ரோ அடிமைப்பெண் ஒருத்தியை விற்று, அதற்குரிய விலைச்சீட்டை எழுதித்தரும்படி இவரைப் பணித்தார். திடீரென்று நேர்ந்த பணி. சொன்னவர் ஊதியந் தருபவர். வாங்குபவரும் சபையைச் சேர்ந்த முதியவர். வுல்மன் எழுதிக்கொடுத்துவிட்டார். ஆயினும் அடிமை வைத்தல் கிறிஸ்தவ மார்க்கத்திற்கு ஒவ்வாதது என்று தாம் கருதுவதை அவ்விருவர் முன்னிலையிலேயே சொல்லவுஞ் செய்தார். அவர் பின்னாளில் எழுதிய தினக்குறிப்பு நூலில் இந்நிகழ்ச்சியை மறையாது எழுதியிருக்கின்றார். பின்னாளில் அடிமைகளை மக்களுக்குச் சொத்தாக எழுதிவைக்கும் மரண சாசனங்களை எழுத அவர் உடன்படவில்லை.

நிற்க. வுல்மன் சிலகாலத்தில் தையற்றொழிலைக் கற்றுத் தாமே கடை வைத்தார். முதலில் ஆடைக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களையும், அப்பால் துணிவகைகளையும் விற்றார். வாணிகம் ஆண்டுதோறும் வளர்ந்தது. பிறர்க்கு மகிழ்ச்சி தருவதாகிய அவ்வளர்ச்சி அவருக்குச் சுமையாய்த் தோன்றிற்று. அதற்குக் காரணம் இரண்டு. கொள்வோர் பலர் தம் வருவாய்க்கு மிஞ்சிய பொருள்களைக் கடனுக்கு வாங்கினர். தவணை வந்தபோது கொடுக்க வகையின்றி வழக்குக்கு இழுக்கப்பட்டனர். அக்கடனின் வேர் பசியன்று. அயலார்போல் உடுக்கவும் உண்ணவும் வேண்டுமென்னும் ஆசையே என்பதை விற்பவராகிய அவர் கண்கூடாகக் கண்டார். வீண்பெருமைக்கு மட்டும் பயன்படும் பொருள்களை எப்போதேனும் விற்க நேர்ந்தால், தம் ஆத்தும பலம் அதனாற் குன்றுவதையும் உணர்ந்தார். இஃது ஒன்று. மற்றொன்று, பெருகும் வாணிகம் தம் மனத்தை முற்றும் பற்றிக்கொள்ளும் என்னும் அச்சம். ஆகவே 1756-ஆம் ஆண்டளவில் தம் எண்ணத்தை வாடிக்கைக்காரருக்கு முன்னரே அறிவித்து, அவர்கள் வேறு கடையைத் தேடிக்கொள்ள அவகாசங் கொடுத்துச் சிறிது சிறிதாகக் கடையை விட்டார். அப்பால் உதவியாள் ஒருவருமின்றித் தையல் வேலை செய்தும், ஆப்பிள் நாற்றுக்களை வளர்த்து ஒட்டுக்கட்டியும் மனைவியையும் மகளையும் காத்துவந்தார்.

இவ்வளவோடு நின்றிருப்பின் அவரைச் சிக்கனமுள்ள நல்லவர் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் வுல்மனது எளிமை பணப்பையைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. ஒவ்வொரு பண்டத்தையும் கையிலெடுத்து, இஃது எவருடைய உழைப்பால் எவ்வாறு வந்தது என்று கேட்கும் வழக்கம் அவருக்கிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சர்க்கரை அந்நாளில் அடிமைகள் சவுக்கடியின் கீழ்ச் செய்தது. அதனை உண்பதை விட்டார். வெள்ளிக் கலங்களைக் காணும்போது, அவ்வெள்ளியைத் தோண்டச் சுரங்கங்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் நினைவு வந்து வருந்தி, அவற்றிற் பருகுதலையும் விலக்கினார். 1757-ல் தென்னாட்டு மாகாணங்களில் பிரயாணஞ் செய்தபோது, தம்மை உபசரித்த வீடுகளில் வேலை செய்தோர் கூலியில்லா அடிமைகள் என்பதை நினைத்து, அவர்களுக்குப் பணங் கொடுத்துச் சென்றார். விருந்தினர் பணங்கொடுத்தல் வீட்டாருக்கு எத்தகைய அவமானமாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அவருக்கும் அது எளிதாயிருக்கவில்லை.

சாயமிட்ட ஆடை பற்றிய அவர் கொள்கை சிறிது வேடிக்கையாகவுந் தோன்றும். சாயம் கண்ணை மகிழ்விப்பதற்கும் அழுக்கை மறைப்பதற்குமே இடப்படுகின்றது. அதனால் துணியும் வலிமை கெடுகின்றது. அச்செலவனைத்தையும் துணியைத் துவைப்பதிற் செலவிட்டால் மெய்யான தூய்மை உண்டாகும் என்பது அவர் வாதம். (அவுரிச்சாயம் அக்காலத்தில் தென் கரோலினாவில் அடிமைகளாற் பயிரிடப்பட்டதென்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.) எனினும் இருந்த ஆடைகளை உடனே எறிந்துவிடவில்லை, மாதக்கணக்காக அவற்றையே உடுத்துவந்தார். அதன்பின் சாயந் தோயாத மென்மயிர்த் தொப்பியொன்று வாங்கி அணிந்தார். அந்தோ, அவ்வாண்டிலே வெண்ணிறத் தொப்பி நாகரிகர் சிலரிடையே புதுப்பாணியாய்ப் பரவியிருந்தது! சபையாருட் சிலர் இவரும் பாணியைப் பின்பற்றுகின்றாரென ஐயுற்று விலகி நின்றனர். எளிமையும் ஒருவகை அலங்காரமாகக் கருதப்படக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? சாயத்தைப் பொறுத்தமட்டில் அவரை அப்படியே பின்பற்றவேண்டுமென்று யான் சொல்லேன். அவர் கேட்ட கேள்வியை விட்டுவிடலாகாது என்பதே என் கருத்து.

இங்கு ஒரு தடை எழும். வேண்டாத பொருளை எல்லாரும் வாங்காது விட்டால், அவற்றைச் செய்து பிழைப்போர் கதி யாது? பொருளாதாரம் பயிலும் மாணவர் இவ்வினாவை எழுப்பாதிரார்; எழுப்பவும் வேண்டும். வுல்மன் இதற்குக் கூறிய விடையின் சாரம் வருமாறு: செல்வர் சிலர் மிகுதியான பொருள்களை அவாவுதலாலேயே, எளியோர் பலர் அளவுக்கு மிஞ்சி உழைக்க நேர்கின்றது, மிகையானவற்றை உண்டாக்குதல் ஒழிந்தால், யாவரும் மிதமாக உழைத்தே வாழ இடமுண்டு. இவ்விடை முழுதும் போதுமென்று தோன்றவில்லை. ஒரு தொழில் குன்றுங்கால் அத்தொழிலாளர் அடுத்த வேலையைத் தாமே கண்டுகொள்வர் என்று எளிதிற் சொல்லிவிட இயலாது. அவர்கள் படும் இடர் மெய்யானது. ஆனால் அவ்விடரைச் சுட்டிக்காட்டி, நம் அலமாரியை நிரப்புதலே தருமம் என்று வாதித்தல் பொருந்தாது.

நம் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த கிறிஸ்தவராகிய ஜே. சி. குமரப்பா அவர்களும் இதே வழியிற் சிந்தித்தார். பம்பாயில் தணிக்கையாளராய் நன்கு பொருளீட்டி வந்த அவர், 1929-ல் காந்தியடிகளைக் கண்டபின் அத்தொழிலைத் துறந்து கிராமக் கைத்தொழிற் பணியில் இறங்கினார். 1940-களிற் சிறையிலிருந்தபோது எழுதிய நூலொன்றில், வாழ்க்கைத்தரத்தை உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரித்தல் தவறு, சிக்கலானது எளியது என்றே பிரிக்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றார். நுணுகி நோக்குவார்க்கு இச்சொன்மாற்றம் சிறிதன்று. தாழ்ந்ததை விரும்புவார் எவருமிலர். எளியதை விரும்புவதில் இழிவொன்றுமில்லை.

மாணவ நண்பர்காள்! வுல்மன் காலத்தில் வாங்குவோர் கடைவரை நடக்கவேண்டியிருந்தது. அந்நடையிலே மனம் மாறவும் வழியிருந்தது. இன்றோ கைப்பேசியில் விரல் பட்டமாத்திரத்திற் பொருள் விடுதி வாயிலுக்கு வந்துவிடுகின்றது, தவணையுங் கிடைக்கின்றது. வேண்டா என்று சொல்லும் கடைக்காரர் அங்கே இலர். அவ்வேலை நம் தலைமேல் விழுந்துள்ளது.

1772-ல் வுல்மன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கப்பலின் உயர்ந்த அறையில் வீணான சித்திர வேலைகள் இருந்தமையையும், அவற்றின் செலவு கட்டணத்திற் சேருவதையுங் கருதி, கீழே மாலுமிகளோடு தங்கி ஐந்து வாரத்திற்கு மேற் பிரயாணஞ் செய்தார். மாலுமிச் சிறுவர் நனைந்த ஆடையோடு படும் துன்பம் அதனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மேலறையில் இருந்தார்க்கு அது தெரிந்திராது. இங்கிலாந்தில் அவர் ஊர்தோறும் விலைவாசியையும் கூலியையும் விசாரித்தெழுதினார். கூலியாள் ஒருவன் சாதாரண நாளிற் பெற்றது பத்துப் பென்ஸ். கோதுமை ஒரு புஷல் எட்டு ஷில்லிங், அதாவது தொண்ணூற்றாறு பென்ஸ். ஒரு புஷல் கோதுமைக்கு ஏறத்தாழப் பத்துநாள் உழைப்பு! அஞ்சல் வண்டிகள் ஒருநாளில் நூறு மைலுக்கு மேல் ஓடுவதையும், அவ்வேகத்திற்காகக் குதிரைகள் மாய்வதையும், வண்டியோட்டும் சிறுவர் குளிரில் விறைத்திறப்பதையுங் கேள்வியுற்று, அவ்வண்டிகளில் ஏறாது, கடிதங்களையும் அவற்றின்வழி அனுப்பாது, நடந்தே யார்க் நகரம் வரை சென்றார்.

அவர் உழைப்பு வீணாகவில்லை. பிலடெல்பியாவிற் கூடிய குவேக்கர் சபை 1758-ல் அடிமை வைத்தலைக் கண்டிக்கத் தொடங்கி, 1776-ல் அடிமையுடையாரைச் சபையினின்று நீக்கவும் துணிந்தது. 1791-க்குப் பின் இங்கிலாந்திற் பல்லாயிரங் குடும்பத்தார் மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கினர்; 1807-ல் ஆங்கிலேயர் அடிமை வாணிகம் சட்டத்தால் ஒழிந்தது. இவற்றிற்கெல்லாம் காரணர் வேறு பலரும் உளர். வுல்மன் இவற்றுள் எதன் முடிவையும் கண்டாரல்லர். யார்க் நகரில் வைசூரி கண்டு, 1772 அக்டோபர் 7-ஆம் நாள் காலமானார். தம் சவப்பெட்டி ஆஷ் மரத்தால் அலங்காரமின்றிச் செய்யப்படவேண்டுமென்றும், உடலை மலிவான கம்பளித்துணியிற் சுற்றவேண்டுமென்றும், அச்செலவுக்குத் தாம் உடுத்திவந்த ஆடைகளையே கொடுத்துவிடவேண்டுமென்றும் நோயிற் கிடந்தபோதே சொல்லிவைத்திருந்தார்.